ஜிஎஸ்இ, ஜிஎஸ்எம், எஸ்எம்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

சூரியக் காற்றுத் தரவுதான் (சூரியனிலிருந்து காந்தப் புலத்தோடு வீசும் துகள் ஓட்டத்தின் அளவீடுகள்) என் அன்றாட வேலை. பூமியை மையமாக வைத்த ஆய முறைகள் (இடத்தையும் திசையையும் எண்ணில் குறிக்கும் எக்ஸ், ஒய், இசட் அச்சுத் தொகுப்புகள்) அரை டஜன் இருந்தாலும் நான் அதிகம் நம்புவது, பூமியின் காந்த அச்சையும் கணக்கில் எடுக்கும் ஜிஎஸ்எம். புதிதாக வருபவர்களையும் அதைத்தான் முதலில் பழகச் சொல்வேன்.

ஜிஎஸ்இ, ஜிஎஸ்எம் இரண்டிலும் எக்ஸ் அச்சு பூமியிலிருந்து சூரியனை நோக்கிப் போகும். அதனால்தான் நாசாவின் ஆம்னி என்ற சூரியக் காற்றுத் தொகுப்பின் மணிநேரத் தரவில், காந்தப் புலத்தின் எக்ஸ் கூறான பி-எக்ஸுக்கு ஒரே நெடுவரிசை. பி-ஒய், பி-இசட்டுக்கு இரண்டிரண்டு. ஜிஎஸ்இ-யின் இசட் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்து. ஜிஎஸ்எம்-மின் இசட் பூமியின் காந்த அச்சோடு சேர்ந்து சாய்வதால் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில், இந்திய நேரப்படி விடியற்காலை நாலு மணி வாக்கில், இரண்டு இசட் அச்சுகளுக்கும் இடையே 30 பாகைக்கு மேல் கோணம் விழும். ஜிஎஸ்இ-யில் பி-ஒய் −10 நானோடெஸ்லா, பி-இசட் 0 என்று வைப்போம். பார்த்தால் சாதுவான புலம். 30 பாகை திருப்பினால் ஜிஎஸ்எம்-மில் பி-இசட் −5 ஆகிவிடும், அதாவது தெற்கு நோக்கி. தெற்கு நோக்கிய புலம் பூமியின் புலத்தோடு மறுஇணைப்பு கொள்ளும் (புலக் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று சேரும்), ஆற்றல் உள்ளே வரும். காந்தப் புயல்கள் சம இரவு நாட்களை ஒட்டி ஏன் கூடுகின்றன என்பதற்கு ரஸ்ஸலும் மெக்ஃபெரனும் 1973-இல் சொன்ன விளக்கம் இந்தச் சாய்வைப் பற்றியதுதான்.

பூமியைச் சுற்றி விண்வெளியில் ஓடும் வளைய மின்னோட்டம் என்றால், இசட் அச்சு காந்த அச்சிலேயே இருக்கும் எஸ்எம்; தரைக் காந்தமானி என்றால், பூமியோடு சேர்ந்து சுழலும் ஜியோ. இதில் பெரிய யோசனை வேண்டாம்.

எனக்குள்ள உண்மையான மனக்குறை ஆவணப்படுத்துவதில்தான். சில கோப்புகளில் 'ஜிஇஐ' (பூமியோடு சுழலாத ஆய முறை) என்று மட்டும் இருக்கும். அச்சுகள் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கானவையா (ஜே2000), அன்றைய தேதிக்கானவையா என்று ஒரு வரி இருக்காது. பூமியின் சுழற்சி அச்சு திசை மாறுவதால் வரும் நகர்வு வருடத்துக்கு 50 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 2000-லிருந்து கணக்குப் போட்டால் இப்போது பாகையில் மூன்றில் ஒரு பங்கு. நிலவின் தூரத்தில் அது 2,000 கிலோமீட்டருக்கு மேல். நிலவின் ஆரமே 1,737 கிலோமீட்டர்தான். நிலவைச் சுற்றும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் ஆய்வுக் கலங்களின் (அதே பெயரிலுள்ள மனிதப் பயணத் திட்டம் அல்ல) தரவைப் பிரிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை!

காந்த அச்சும் நகர்கிறது. சுழற்சி அச்சிலிருந்து அதன் சாய்வு 1960-களில் 11 பாகைக்கு மேல். இப்போது 9 பாகையை ஒட்டி இருக்கிறது. பூமியின் காந்தப் புலத்துக்கான பன்னாட்டு மாதிரியான ஐஜிஆர்எஃப் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், எந்தப் பதிப்பில் கணக்கிட்டது என்று கோப்பிலேயே எழுதி வைப்பது என் பழக்கம்.

ஜிஎஸ்இ-யிலிருந்து ஜிஎஸ்எம்-முக்கு மாற்றி முடித்ததும் மொத்தப் புல அளவும் பி-எக்ஸும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. கோணம் தலைகீழாகத் திரும்பியிருந்தாலும் இவை இரண்டும் சரியாகவே வரும். அப்புறம் மேலே சொன்ன ஏப்ரல் கணக்கையும் ஓட்டுங்கள். பி-இசட் நேர்க்குறியில் வந்தால் மாற்றத்துக்கான அணி (மேட்ரிக்ஸ்) திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.