மூளைக்குள் இரத்தக்கசிவு: ஈஈஜியா, சீடி ஸ்கானா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அப்பா, 18 நாள் கழித்துத்தான் தலையிடி என்றார். அடுத்த நாள் வலது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சரிந்து சாரம் நனைந்ததுகூடத் தெரியாமல் கதைத்துக்கொண்டிருந்தார். "ஸ்கான் வேண்டாம் தம்பி, கதிர் கூடாது. ஈஈஜி எடுத்தாலே பிழை எங்கே என்று தெரியும்" என்றார் மாமா. ஈஈஜி என்பது தலைத்தோலில் மின்வாய் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது; சீடி ஸ்கான் எக்ஸ்ரே கதிரால் மூளையைப் படமெடுப்பது. நான் சீடி பக்கம் நின்றேன். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான்.

மாமா சொன்னது முழுப் பிழையும் இல்லை. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924இல் பதிந்தார். மூளைக் கட்டி இருக்கும் இடத்தில் அலை மந்தமாவதை 1936இல் கிரே வோல்டர் காட்டினார். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குச் சீடி எடுக்கும்வரை, மண்டையோட்டைத் திறக்காமல் கட்டியின் இடம் தேட ஈஈஜியும் ஒரு வழி. கதிரும் இல்லை, வலியும் இல்லை. சரி.

ஆனால் ஈஈஜி பதிவது மூளையின் வேலையை, இரத்தத்தை அல்ல. இடது பக்கம் செக்கனுக்கு நாலுக்கும் குறைவான அலை ஓடினால் அங்கே ஏதோ கோளாறு என்று தெரியும். கசிவா, அடைப்பா, கட்டியா? மூன்றுக்கும் அப்படி ஓடலாம். வைத்தியமோ நேரெதிர். அடைப்பென்றால் உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கசிவுக்கு அதே ஊசி உயிருக்கு உலை. பிரஷர் கூடி ஆழத்தில் கசிந்தால், தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்களுக்கு அது எட்டாத தூரம். நடுவிலுள்ள மண்டையோடும் சமிக்ஞையைக் கலைத்துவிடும். சீடியில் புது இரத்தம் வெள்ளையாகத் தெரியும், சில நிமிட வேலை.

சீடியும் ஏமாற்றும். ஒன்றிரண்டு வாரம் போனால் ஓட்டுக்கடியில் தேங்கிய இரத்தம் மூளையின் சாம்பல் நிறத்துக்கே வந்துவிடும். அப்பாவின் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர் முதலில் மூளையின் நடுக்கோட்டில்தான் விரலை வைத்தார். அது வலப்பக்கம் தள்ளியிருந்தது. அப்புறம்தான் இடது ஓட்டோரம் பிறை போன்ற படலம் என் கண்ணிலும் பட்டது. ஓட்டில் துளை போட்டு வடித்தார்கள்.

கதிர்? தலைக்கு ஒரு சீடி சுமார் 2 மில்லிசீவேர்ட், இயற்கையிலிருந்தே ஓராண்டில் நம் உடம்பில் படும் அளவுக்குக் கிட்ட. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. அதில் எனக்கு அனுபவமில்லை, டொக்டரையே கேளுங்கள்.

ஈஈஜி பிறகு உதவியது. வீடு வந்த அப்பா கதையின் நடுவே சுவரை வெறித்தபடி நின்றுவிடுவார். கைகால் உதறாத வலிப்பு அது. மயிரைப் பிரித்துப் பசை வைத்து அரை மணித்தியாலம் எடுத்த பதிவில்தான் பிடிபட்டது.

கிண்ணியாவோ மூதூரோ, இப்படி நடந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசை ஏதும் உண்டா, எந்தத் திகதியில் விழுந்தார் என்று முதலிலேயே சொல்லுங்கள். படத்தின் நிறத்தை அந்தத் திகதியோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டொக்டர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது.