ஜிசிசி 12 டூல்செயின்: எல்லாம் சரி, அந்த ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலைத் தவிர

புது கிளஸ்டரில் (பலர் பகிரும் கணினித் தொகுதி) ஈஸிபில்ட் என்கிற மென்பொருள் நிறுவும் கருவியின் ஃபாஸ் 2023ஏ டூல்செயினையே (கம்பைலரும் அடிப்படை லைப்ரரிகளும் சேர்ந்த தொகுப்பு) போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அதில் இருப்பது ஜிசிசி கம்பைலர் 12.3, கணினிகளுக்கிடையே தகவல் அனுப்பும் ஓப்பன்எம்பிஐ 4.1.5. வேகத்திலோ ஃபோர்ட்ரானிலோ சொல்லிக்கொள்ளும்படி குறை கிடையாது. எரிச்சல் ஒன்றே ஒன்று: சிஆர்டி-ஃபாஸ்ட்மேத் என்கிற குட்டி ஆப்ஜெக்ட் ஃபைல்.

கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும்போது (லிங்க்) ‘ஓஃபாஸ்ட்’ அல்லது ‘ஃபாஸ்ட்-மேத்’ ஆப்ஷன் (வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்துபவை) இருந்தால் ஜிசிசி இதையும் சேர்த்து ஒட்டிவிடும். லோட் ஆனதும் இது, தசமக் கணக்கின் நடத்தையை ஆளும் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்கிற சிபியு ரிஜிஸ்டரில் 15, 6 ஆகிய இரண்டு பிட்களையும் போட்டுவிடும். அதன்பின் 2.2×10⁻³⁰⁸-க்குக் கீழான டபுள் எண்களெல்லாம் பூஜ்யம்தான். இந்தக் குட்டி எண்கள் (சப்நார்மல்) வந்தால் சில சிபியுக்கள் தவழும்; அதனால் தன் சொந்த புரோகிராமுக்கு ஒருவர் இப்படிச் செய்துகொண்டால் அது அவர் பாடு. பல புரோகிராம்கள் பகிரும் ஷேர்டு லைப்ரரியிலும் இதை ஒட்டியதுதான் அநியாயம். யாரோ பில்ட் செய்த லைப்ரரியை பைத்தான் இம்போர்ட் செய்த நொடியில், அந்த த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓட்டம்) ஓடும் எல்லாருடைய கணக்கும் மாறும். இந்த பக் பதிவானது 2012-இல். x86-இல் தீர்ந்தது 2023-இல் வந்த ஜிசிசி 13-இல். பதினோரு வருஷம்!

கிளஸ்டரில் எல்லாருக்கும் பொதுவாக நிறுவி வைக்கும் மென்பொருள் மாட்யூல்களில் இது படுத்தும் பாடு தனி. அந்த ரிஜிஸ்டர் த்ரெட்டுக்கு ஒன்று. புது த்ரெட் தன்னை உருவாக்கிய த்ரெட்டின் நிலையை வாங்கிக்கொள்ளும். வேலையைப் பங்கிடும் ஓப்பன்எம்பி த்ரெட்கள் இம்போர்ட்டுக்கு முன்பே எழுந்துவிட்டால் அவை தப்பிக்கும், மெயின் த்ரெட் மட்டும் மாட்டும். இம்போர்ட் வரிகளை இடம் மாற்றினால் விடை மாறுகிறது என்று டிக்கெட் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். x-உம் y-உம் சமமில்லை என்று சோதித்துவிட்டுத்தான் x−y-ஆல் வகுத்திருப்பார்கள், ஆனாலும் x−y பூஜ்யமாகி இன்ஃபினிட்டி வரும். பைத்தானின் கணித லைப்ரரியான நம்பை ‘மிகச்சிறிய சப்நார்மல் பூஜ்யமாக இருக்கிறது’ என்று வார்னிங் தரும். அதை அடக்கி வைக்கிறவர்கள்தான் அதிகம்.

சோதிக்க: சந்தேகப்படும் பைத்தான் மாட்யூலை இம்போர்ட் செய்த பிறகு, 2.3×10⁻³⁰⁸-ஐ ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஃப்ளோட் ஆக்கி 4-ஆல் வகுங்கள். 5.75×10⁻³⁰⁹ வந்தால் நலம், 0.0 வந்தால் மாட்டிக்கொண்டீர்கள். ஸ்கிரிப்டில் எண்ணை நேரடியாக எழுதி வகுக்காதீர்கள். இம்போர்ட் நடப்பதற்கு முன்பே பைத்தான் அதைக் கணக்குப் போட்டு வைத்துவிடும், அந்தச் சோதனையை நம்ப முடியாது.

எந்த லைப்ரரி என்று பிடிக்க, பைனரி ஃபைலின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் ‘செட்-ஃபாஸ்ட்-மேத்’ சிம்பலைத் தேடுங்கள். சிம்பல் பெயர்களை நீக்கி (ஸ்ட்ரிப்) வைத்திருந்தால், அந்த ரிஜிஸ்டரை மாற்றும் எல்டிஎம்எக்ஸ்சிஎஸ்ஆர் இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தேட வேண்டியதுதான். நியாயமான காரணத்துக்கு அதை வைத்திருக்கும் லைப்ரரிகளும் உண்டு, பார்த்ததும் பாயாதீர்கள்.

மொத்த அடுக்கையும் திரும்ப பில்ட் செய்யத் தேவையில்லை, அந்த ஒரு மாட்யூல் போதும். கம்பைல் வரியில் மட்டும் ஃபாஸ்ட்-மேத் இருந்தால் இந்த ஃபைல் ஒட்டாது, ஆனால் பில்ட் கருவியான சிமேக் அதே ஃபிளாக்குகளை லிங்க் வரிக்கும் கொண்டுபோய்விடும். ஆகவே ஓஃபாஸ்டுக்குப் பதில் ஓ3 ஆப்ஷன் போடுங்கள், கூடவே கணக்குப் பிழைகளைக் கவனிக்கும் மேத்-எர்ர்னோவையும் டிராப்பிங்-மேத்தையும் அணையுங்கள். கூட்டல் லூப் வெக்டரைஸ் ஆகியே (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிட்டே) தீர வேண்டுமென்றால், +0, −0 வேறுபாட்டைக் காக்கும் சைன்டு-ஸீரோஸையும் அணைத்து, கூட்டும் வரிசையை மாற்ற விடும் அசோசியேட்டிவ்-மேத்தைத் தனியாகச் சேர்க்கலாம். அது இந்த ஃபைலை இழுக்காது. புது பில்டைப் பழைய டைரக்டரியின் மேலேயே எழுதாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்கள் விழும். வெர்ஷன் சஃபிக்ஸ் (வெர்ஷன் பெயருக்குப் பின்னால் ஓர் அடையாளம்) போட்டுத் தனியாக நிறுவி, டிஃபால்ட்டை மாற்றுங்கள்.

ஆக, ஒரு மாட்யூலைத் திரும்ப பில்ட் செய்தால் தீர்கிற விஷயம், மற்றபடி அருமையான டூல்செயின். இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஜிசிசி 13.2 உள்ள 2023பி போடுங்கள். அதிலும் மெயின் புரோகிராமையே ஓஃபாஸ்டில் லிங்க் செய்தால் இந்தக் கதைதான். அதையும் யாராவது ஒருவர் செய்யத்தான் போகிறார்.