பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை பாங்காக்கில் ஏமாந்த கதை

சுற்றுலா போகிற இடத்திலேயே கல்யாணத் துணியும் எடுத்துவிடலாம், ஒரே செலவில் இரண்டு வேலை என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மல்பெரி. நான்காவது தோல் உரித்த புழுக்கள் ராத்திரியில் தழை தின்கிற சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவர்கள் நானும் தங்கச்சியும். அப்படிப்பட்ட நான்தான் 22,000 பாட் கொடுத்து, நம் பணத்தில் 55,000 ரூபாய்க்குக் கிட்ட, பாலியஸ்டரைப் பட்டு என்று வாங்கி வந்தேன்.

ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை, இணைச்சீர்ச் சடங்கு, சடங்குகளை நடத்தி வைக்கிற அருமைக்காரர் எல்லாம் பெரியவர்கள் பாடு. முதல் நாள் சாயங்கால வரவேற்புக்கு மட்டும் அவள் கவுன் போட ஆசைப்பட்டாள். ஆனியில் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக பாங்காக்குக்கு ஐந்து நாள் பயணம் போட்டிருந்தோம். நான், எங்கள் வீட்டுக்காரர், தங்கச்சி மூவரும்.

இரண்டாம் நாள் காலை, அரண்மனைக்குப் போகும் வழியில் வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். அரண்மனையில் இன்று சடங்கு, மதியம் 1 மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்றார். அதுவரை சும்மா நிற்பானேன் என்று எங்கள் கையிலிருந்த வரைபடத்தில் இரண்டு கோயில்களையும், ‘அரசு ஏற்றுமதிப் பட்டு மையம்’ என்று ஓர் இடத்தையும் வட்டம் போட்டுக் கொடுத்தார். மையத்தில் இந்த வாரம் வரி கிடையாதாம், இன்றே கடைசி நாளாம். துக்-துக்கையும் அவரே நிறுத்திவிட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து 20 பாட். கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து பச்சைமலைக்கு அந்தக் காசுக்கு ஆட்டோ வருமா? அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆளைக் கொண்டுவந்து விடுவதற்குக் கடைக்காரர் ஓட்டுநருக்குப் பெட்ரோல் சீட்டோ கமிஷனோ கொடுத்துவிடுவார். நம்மிடம் வாங்கும் 20 பாட் சும்மா பேருக்கு.

அரண்மனை அன்று திறந்துதான் இருந்தது. அரச சடங்கு இருக்கும் ஒரு சில நாள் தவிர தினமும் காலை 8.30க்குத் திறந்துவிடுகிறார்கள். வாசல் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதில் இன்னொரு கூத்து: அந்த வளாகத்துக்குள்ளேயே ராணி சிரிகித் துணி அருங்காட்சியகம் 2012 முதல் இருக்கிறது. அசல் தாய்லாந்துப் பட்டு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டிய இடத்துக்கு நூறு அடி முன்னால் திரும்பி, போலி விற்கிற இடத்துக்குப் போயிருக்கிறோம்.

கடைப் பெயரை எழுதவில்லை. பலகையை மாற்ற அவர்களுக்கு ஒரு பொழுது போதும், பெயரை நம்பி நீங்கள் தப்பிக்க முடியாது. உள்ளே குளிர்ச்சி, பழச்சாறு, தடித் தடியாக மாடல் புத்தகங்கள். தங்கச்சி யானைத்தந்த நிறத்தில் ஒரு கவுனைக் காட்டினாள். 48 மணி நேரத்தில் தைத்து, இரண்டு முறை போட்டுப் பார்க்க வைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

பட்டுதானா என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை வெட்டி லைட்டரைக் காட்டினார். முடி பொசுங்குகிற வாடை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. எங்கள் வீட்டில் அப்பா செய்கிற அதே சோதனை. நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். அந்தத் துண்டு பட்டுதான். கவுன் தைத்த சுருள் வேறு. இந்த ஒரு இடத்தை மட்டுமாவது மனதில் வையுங்கள்: கொளுத்திக் காட்டினார்கள் என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. தைத்து முடித்த உடுப்பின் உள் மடிப்பிலிருந்து நீங்களே ஒரு நூலை உருவிக் கொளுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் கவனிக்காமல் விட்டேன். அங்கே கைத்தறியில் நெய்கிற பட்டில் நூல் ஒரே சீராக இருக்காது, அங்கங்கே சின்னச் சின்னத் தடிப்பு தட்டுப்படும். அகலமும் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். எங்கள் கவுனுக்கு வெட்டிய துணி வழவழவென்று, கல்யாண மண்டபத்து ஜமுக்காளம் மாதிரி அகலமாக இருந்தது. அப்புறம், அசல் பட்டு என்று காட்டுகிற நம் ஊர் சில்க் மார்க் முத்திரை போல அவர்களுக்கு மயில் முத்திரை உண்டு. பொன், வெள்ளி, நீலம், பச்சை என்று நான்கு நிறம், பச்சை மயில் என்றால் கலப்பு. நான் ஒரு மயிலையும் தேடவில்லை. ஈரோட்டில் ஜவுளி வேலை பார்க்கிற எங்கள் வீட்டுக்காரர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காதீர்கள். கடைக்குள் நுழையும்போதே ‘நீங்க கொஞ்சம் சும்மா இருங்க’ என்று சொன்னது நான்தானாம்.

முன்பணம் 10,000 பாட் ரொக்கம். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது வெறும் ஓட்டுத்தையல், கை கூட வைக்கவில்லை. இரண்டாவது தடவை கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரிக்குத் தள்ளிப் போயிற்று. அப்போதும் முடியவில்லை. பத்து நாளில் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும், பாக்கியைக் கட்டினால் உடனே அனுப்புகிறோம் என்றார்கள். விடிந்தால் விமானம். கட்டாமல் வந்தால் 10,000 போகும், கட்டினால் கவுனாவது வரும் என்று நினைத்து 12,000 பாட்டுக்குக் கார்டைக் கொடுத்தேன். மெஷினில் பாட்டா ரூபாயா என்று கேட்டதற்குக் கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டார். அதில் மட்டும் 1,500 ரூபாய் போல அதிகம் போனது. அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ‘வரி இல்லை’ என்றதும் கதைதான். சுற்றுலாப் பயணிகளுக்கு 7 சதவீத வரியைத் திருப்பித் தருகிற ஏற்பாடு உண்டு. ஆனால் பொருளை நம் கையோடு எடுத்துப் போக வேண்டும். கூரியரில் வருவதற்கு அது செல்லாது.

பத்து நாள் ஐந்து வாரமானது. ஆடிப் பதினெட்டு அன்று, பவானி கூடுதுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் பார்சல் வந்தது. அதற்கு முன்பே சுங்க வரி என்று 9,000 சொச்சம் கட்டியிருந்தேன். பிரித்தால் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் உள் மடிப்பில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். கருப்பாக ஒரு மணி திரண்டு தரையில் சொட்டியது.

“உருகுது அம்மிணி. பட்டு உருகாது.”

தங்கச்சி அன்றைக்கு ஆற்றுக்கு வரவில்லை.

வங்கியில் புகார் கொடுத்தேன். ரசீதைக் கேட்டார்கள். அதில் ‘லேடீஸ் டிரெஸ், ஆர்டருக்குத் தைத்தது, பணம் திருப்பித் தரப்படாது’ என்றுதான் இருந்தது. பட்டு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. பொருள் வந்து சேர்ந்துவிட்டது, ஏமாற்று என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அங்கே சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்று எண் இருப்பதே ஊர் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் விமானம் ஏறும் முன்பே கூப்பிடுங்கள். ‘அசல் பட்டு’ என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரவேற்புக்கு அம்மாவின் கூறைப்புடவையைத்தான் கட்டினாள். ரவிக்கையை எங்கள் ஊர் தையல்கார அக்கா இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தார், கூலி 900 ரூபாய்.

அந்தக் கடையிலிருந்து இன்றும் வாட்ஸ்அப் வருகிறது. போன வாரம் மாப்பிள்ளை கோட்டுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று அனுப்பியிருந்தார்கள், இந்த வாரத்தோடு கடைசியாம்.