ரெனிஷா ஓ.எம்.பி. 40-2 டச் புரோப்: பக்கத்து ஊரில் பிறந்த ஒரு மைக்ரான்

மெஷினிங் சென்டரில் (கணினி சொல்படி உலோகம் வெட்டும் மெஷினில்) ஜாப் செட்டிங் செய்து, அதாவது வெட்டவேண்டிய பொருளை இடம் பார்த்துக் கட்டிப் பிழைப்பவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெனிஷா நிறுவனத்தின் ஓ.எம்.பி. 40-2 டச் புரோப் (தொட்டு அளக்கும் கருவி), கொடுக்கும் பணத்துக்கு முழுதாக உழைக்கும் கருவி. எங்கள் பட்டறை இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் இருக்கிறது. ரெனிஷாவின் தலைமையகம் உள்ள வாட்டன்-அண்டர்-எட்ஜும் இதே குளோஸ்டர்ஷயரில்தான். ஆகவே இதில் கொஞ்சம் ஊர்ப் பாசம் கலந்திருக்கும். அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

பார்ப்பதற்குச் சிறிய பொருள். விட்டம் 40 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர். மற்ற டூல்களைப் போலவே, மெஷினில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் ஏறி உட்காரும். கீழே மெல்லிய குச்சி போன்ற ஸ்டைலஸ், அதன் நுனியில் சிவப்பு ரூபிக் குண்டு. குண்டு ஜாப்பைத் தொட்டதும் அகச்சிவப்புக் கதிரில் செய்தி போகிறது. அந்தக் கணத்தில் மெஷின் எந்த இடத்தில் இருந்தது என்பதை மெஷினின் கணினியான கன்ட்ரோல் பதிந்துகொள்கிறது. வேலை அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் பட்டறையின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் அலுமினிய வார்ப்பு ஒன்றை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கியில்) கட்டிவிட்டு, ஸ்பிண்டிலில் அளவு காட்டும் டயலை மாட்டி, கையால் சுற்றிச் சுற்றி மையம் தேடி, கிடைத்த எண்ணைத் தாளில் எழுதி, பிறகு அதைக் கன்ட்ரோலில் தட்ட வேண்டியிருந்தது. எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறினால் வார்ப்பு வீண். இப்போது புரோப் துளைக்குள் இறங்கி நான்கு பக்கமும் தொட்டு, மையத்தைத் தானே கணக்கிட்டு, ஆஃப்செட்டில் (ஜாப் இருக்கும் இடத்தைக் கன்ட்ரோலுக்குச் சொல்லும் எண்ணில்) தானே எழுதிவிடுகிறது.

இதைவிடப் பெரிய லாபம் கடைசி வெட்டில் இருக்கிறது. ஜாப்பைக் கழற்றாமலே துளையை அளந்துவிடலாம். இன்னும் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிச்சம் இருக்கிறது என்றால், டூலின் அளவைச் சொல்லும் டூல் ஆஃப்செட்டைத் திருத்தி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். கழற்றி, அளவு பார்க்கும் அறைக்கு எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து கட்டினால் எந்த ஜாப்பும் பழைய இடத்தில் உட்காராது. இந்த வேதனை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் தமிழ்த் தம்பி ஒருவன், முதல் முறை புரோப் ஓடுவதைப் பார்த்துப் பதறிவிட்டான். “அண்ணா, இவ்வளவு விலையுள்ள பொருளை இப்படி இரும்பில் கொண்டுபோய் மோத விடலாமா?” என்றான். மெஷினை நிறுத்தி, புரோப்பைக் கையில் கொடுத்து, விரலால் ஸ்டைலஸை மெல்லத் தள்ளச் சொன்னேன். பச்சை விளக்கு சிவப்பானது. விரலை எடுத்ததும் மறுபடி பச்சை. அவன் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று பிறகு படம் போட்டுக் காட்டினேன்.

ஸ்டைலஸைப் பிடித்திருக்கும் தாங்கியிலிருந்து மூன்று சிறு உருளைக் கம்பிகள் மூன்று திசையில் நீள்கின்றன. ஒவ்வொரு கம்பியும் இரண்டு குண்டுகளின் இடுக்கில் அமர்ந்திருக்கிறது. மொத்தம் ஆறு தொடுமுனைகள். எந்தப் பொருளும் அசைவதற்கு ஆறே வழிகள்தான்: மூன்று நேர் நகர்வு, மூன்று சுழற்சி. ஆறு வழிகளையும் ஆறு முனைகள் கட்டிவிடுகின்றன. ஒரு முனை குறைந்தால் தாங்கி நழுவும். ஒன்று கூடினால் எது உண்மையில் தாங்குகிறது என்ற குழப்பம் வரும். கரடுமுரடான தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்பதற்கும் இதே கணக்குதான் காரணம். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்க, ஆறு முனைகள் வழியாகவும் மின்சாரம் ஓடுகிறது. ரூபி எதையாவது தொட்டு ஸ்டைலஸ் இம்மியளவு சாய்ந்ததும் ஏதோ ஒரு முனையில் அழுத்தம் தளர்கிறது, மின்தடை ஏறுகிறது, செய்தி புறப்படுகிறது. விலகியதும் ஸ்பிரிங் தாங்கியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து உட்கார்த்துகிறது. எத்தனை முறை தொட்டாலும் ஒரு மைக்ரானுக்குள் அதே இடத்தைக் காட்டும் என்பது நிறுவனம் தரும் உறுதி. மெஷினைக் காலையில் சூடேற்றிவிட்டு ரிங் கேஜில் (துல்லியமான விட்டம் கொண்ட அளவு வளையத்தில்) சோதிக்கும்போது எங்களுக்கும் அந்த நம்பிக்கைதான் இருக்கிறது.

இந்த யோசனை பிறந்த கதையை இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும். 1970களின் தொடக்கம். பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலை, ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் இன்ஜினைச் செய்துகொண்டிருந்தது. அதன் மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டும். அன்றைய அளவு மெஷின்களில் இருந்ததோ விறைப்பான முனை. கொஞ்சம் அழுத்தினால் குழாய் வளைந்துவிடும். கிடைக்கும் எண் பொய்யாகிவிடும். டப்ளினில் பிறந்து, பிரிஸ்டலில் தொழில் கற்ற டேவிட் மெக்மர்ட்ரி ஒரு வார இறுதியில் இதற்கு வழி கண்டார். குழாய் விட்டுக்கொடுப்பதற்கு முன் முனை விட்டுக்கொடுக்கட்டும் என்பதே அவருடைய வழி. 1973இல் உடன் வேலை பார்த்த ஜான் டியரோடு சேர்ந்து ரெனிஷாவைத் தொடங்கினார். ஒரு காலத்தில் துணி ஆலையாக இருந்த நியூ மில்ஸ், பிறகு அந்த நிறுவனத்தின் வீடாயிற்று. 2001இல் மெக்மர்ட்ரிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 2024 டிசம்பரில் காலமானார்.

“பிரிட்டன் இப்போது எதையும் செய்வதில்லை, எல்லாம் போய்விட்டது” என்று தேநீர் இடைவேளையில் பேசுபவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். ஏர்பஸ் இறக்கைகள் வேல்ஸின் பிராட்டனில் உருவாகின்றன. டெர்பியில் ரோல்ஸ்-ராய்ஸின் ட்ரெண்ட் விமான இன்ஜின்கள் எழும்புகின்றன. ஆனால் எனக்குப் பெருமை பொங்குவது அளவையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் மெஷின்கள் செய்த ஹென்றி மாட்ஸ்லே தன் பட்டறையில் ஒரு மைக்ரோமீட்டர் (திருகு வைத்த நுண்ணளவுக் கருவி) வைத்திருந்தார். அது சொல்வதே இறுதித் தீர்ப்பு என்பதால் அதற்கு, அன்றைய நீதித்துறைத் தலைவரின் பதவிப் பெயரான ‘லார்ட் சான்ஸலர்’ என்று பெயர். இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் மான்செஸ்டரில் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பிரித்தறியும் மெஷின் செய்தார். 1841இல் திருகு மரைகளுக்குப் பொது அளவை முன்வைத்தார். மாட்ஸ்லே, விட்வொர்த், மெக்மர்ட்ரி என்ற அந்த வரிசையின் கடைசிக் கண்ணி தினமும் என் ஸ்பிண்டிலில் ஏறுகிறது. இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவன்தான் நான். ஆனாலும் இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அயர்லாந்தில் பிறந்தவர் தொடங்கிவைத்த பெருமைதானே இது.

சிப் வடிவமைக்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஆர்மை 2016இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் வாங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. 2021 மார்ச்சில் ரெனிஷாவும் விற்பனைக்கு என்ற அறிவிப்பு வந்தபோது, எங்கள் பட்டறையில் அன்று முழுவதும் இதே பேச்சு. நிறுவனர்கள் இருவர் கையிலும் சேர்த்துப் பாதிக்கு மேல் பங்கு இருந்தது. நிறுவனத்தின் மரபையும் மக்களையும் மதிக்கும் ஆளிடம்தான் கொடுப்போம் என்றார்கள். அப்படி ஒருவர் அமையவில்லை. ஜூலையில் விற்பனையைக் கைவிட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குறைகளுக்கு வருகிறேன். மூன்று கால் அமைப்பு என்பதால் எல்லாத் திசையிலும் ஒரே விசையில் முனை விலகாது. துளையின் மையம், நேர் முகங்கள், படிகள் போன்ற வேலைகளுக்கு, தெரிந்த அளவோடு ஒப்பிட்டு ஒழுங்காகக் கேலிபரேட் செய்துவிட்டால் இது தொல்லை தராது. வளைந்து நெளியும் முப்பரிமாணப் பரப்புகளை அளப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் ஸ்ட்ரெய்ன் கேஜ் (நுண்ணிய விசையை உணரும் உணரி) வைத்த ஓ.எம்.பி. 400ஐப் பார்க்க வேண்டும். அது திரும்பத் திரும்பத் தொட்டாலும் 0.25 மைக்ரானுக்குள் அதே இடத்தைக் காட்டும். அடுத்தது, அகச்சிவப்புக் கதிருக்கு நேர்ப்பார்வை வேண்டும். ஐந்து அச்சு மெஷினில் ஜாப்பின் பின்னால் புரோப் மறைந்துபோகும் வேலை என்றால் ரேடியோவில் பேசும் ஆர்.எம்.பி. 60 நல்லது. வெட்டும்போது பீய்ச்சும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டுக்கு இந்தக் கருவி அஞ்சாது, ஆனால் ரூபியில் ஒட்டிய ஒரு துளி உலோகச் சுருளும் அளவைக் கெடுக்கும். தொடும் முன் காற்று அடித்துத் துடையுங்கள்.

விலை சிறு பட்டறைக்குச் சுமைதான். கதிரை வாங்கும் ரிசீவர், புரோப்பை ஸ்பிண்டிலில் பிடிக்கும் ஷாங்க், மென்பொருள், பொருத்தும் கூலி எல்லாம் சேரும்போது சில ஆயிரம் பவுண்டுகள் ஆகிவிடும். மாதத்துக்கு ஒரு ஜாப் மாற்றும் இடத்தில் வாங்காதீர்கள். நாளுக்குப் பல முறை செட்டிங் மாறும் இடமாக இருந்தால் யோசிக்க வேண்டாம். ரிங் கேஜ் ஒன்றையும் உதிரி ஸ்டைலஸ்களையும் அதே ஆர்டரில் சேர்த்து எழுதிவிடுங்கள். மோதல் ஏற்பட்டால் முதலில் உடைவது ஸ்டைலஸ், அது மலிவு. புரோப்பே அடிபட்டால் பழையதைக் கொடுத்து மாற்று வாங்கிக்கொள்ளும் வசதியையும் நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் கட்டணத்தை வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.