சன்ஸ்கிரீன்: க்ரீம், ஸ்டிக், ஸ்பிரே – எது பூச ஏற்றது?

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது, வெயில் தடுப்புத் திறனைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணைத்தான். 30 என்றால், தோலைச் சுடும் புற ஊதாக் கதிரான யுவிபியில் 97 சதவீதம் தடைபடும். 50 என்றால் 98. ஆனால் ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. 50 வாங்க உருப்படியான காரணம் உண்டென்றால் அது நம்முடைய இந்தச் சிக்கனம்தான்.

மூன்றில் க்ரீமுக்கே எங்கள் ஓட்டு, அளவு கண்ணுக்குத் தெரிவதால். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். சுமார் 1 மில்லி. தினம் இருவேளை பூசினால் 50 மில்லி டியூப் 25 நாளில் தீர வேண்டும். மூன்று மாதம் வருகிறதா? அப்படியானால் நீங்கள் பூசுவது 50 அல்ல. வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசிவிட வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடியும்.

ஸ்டிக் காது மடலுக்கும் மூக்குத் தண்டுக்கும் வசதி. ஒரே இழுப்பு போதாது, நான்கு முறையாவது தேய்க்க வேண்டும். ஸ்பிரேக்கு மதிப்பெண் குறைவு: பாதி காற்றோடு போகிறது, மூச்சிலும் ஏறுகிறது. முகத்துக்கென்றால் உள்ளங்கையில் அடித்துத்தான் பூச வேண்டும். அதற்குப் பேசாமல் க்ரீமே வாங்கிவிடலாம்.

லேபிளில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (யுவிபியோடு யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிரையும் தடுப்பது) இல்லையென்றால் வைத்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும் யுவிஏவை வெறும் எஸ்பிஎஃப் எண் அளப்பதில்லை. துத்தநாக ஆக்சைடு க்ரீம் கறுத்த தோலில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகையில் அந்தத் தொல்லை குறைவு, மங்குக்கும் நல்லது.

தோல் புற்றுநோயை உண்மையிலேயே தடுக்குமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992இல் தொடங்கி 1,621 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில் தோல் புற்றில் ஆபத்தான வகையான மெலனோமாவும் பாதியாகத் தெரிந்தது. பேசல் செல் என்ற இன்னொரு வகைப் புற்றில் மட்டும் தெளிவான வித்தியாசம் இல்லை. அவர்கள் பூசிய க்ரீம் எஸ்பிஎஃப் 16தான்! தினமும் பூசினார்கள், அவ்வளவே.

டியூப் எட்டாத இடமும் ஒன்று உண்டு. கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோதான். வெயிலுக்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமானாலோ, பாதத்து மச்சம் வடிவோ நிறமோ மாறினாலோ தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அங்கே எந்த க்ரீமும் உதவாது.