மீன் ஏன் கறுப்பு: மாத்தறைச் சாப்பாட்டுக்கடை ஒன்று

மகள் மாத்தறையில் இருக்கிற ருகுணுப் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளிலிருந்து டெலிபோனில் ஒரே முறைப்பாடுதான். "அம்மா, இஞ்ச மீன் கறுப்பா இருக்கு. புளிக்குது. பருப்புக்குள்ளையும் மாசி போடுறாங்கள்." மாசி என்றால் அவித்துக் காயவைத்த மீன். நான் முல்லைத்தீவு கள்ளப்பாட்டில் பிறந்தவள். மீன் சரியில்லை என்று என் பிள்ளையே சொன்னால், போய்ப் பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. இவருக்குப் பரந்தனில் உழவு இயந்திரம் திருத்துகிற கடை. அதை இரண்டு நாள் பூட்டுவதற்கு மூன்று கிழமை யோசித்தார். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் கொழும்பைத் தாண்டித் தெற்கே போனது இதுதான் முதல் தடவை.

கிளிநொச்சியில் இரவு எட்டரைக்கு பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏசியைத் தவிர. குறைக்கச் சொல்லி நான்கு முறை கேட்டோம். நான்கு முறையும் நடத்துனர் "சரி அக்கா" என்றார். விடியப் புறக்கோட்டையில் இறங்கும்போது இவர் மகளுக்கென்று கொண்டுவந்த போர்வையைப் போர்த்தபடிதான் இறங்கினார்.

கோட்டை நிலையத்தில் மாத்தறை ரயில். போகிறவர்கள் வலப்பக்க யன்னலில் இடம்பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, கல்கிசை எல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அலை. ஆனால் காலி நிலையத்தில் ரயில் வந்த வழியே திரும்பிப் புறப்படும். "இஞ்சாரும், இவன் திரும்பக் கொழும்புக்கெல்லோ போறான்" என்று இவர் எழும்பியே விட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கடல் மற்றப் பக்கம் போய்விட்டது. காலிக்கு முன்னால், ஹிக்கடுவைக்குக் கிட்ட, பெரலிய என்கிற இடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் ரயிலை அடித்துக்கொண்டு போய் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம். எங்கள் கள்ளப்பாட்டுக்கும் அன்று காலைதான். நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

மாத்தறையில் இறங்க மத்தியானமாகிவிட்டது. மகளுக்கு நான்கு மணி வரை விரிவுரை. பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பெயர்ப்பலகை முழுக்கச் சிங்களத்தில் இருந்த ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். ஆறு மேசை. ஒரு காற்றாடி, அதுவும் எங்கள் மேசைக்கு வராது. கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இல்லை, கேட்டால் உள்ளேயிருந்து கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு மண்சட்டி வரிசையாக இருந்தது. அதைப் பார்த்தபிறகு சவர்க்காரத்தை மன்னித்துவிட்டேன்.

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய், வல்லாரைச் சம்பல், பப்படம், பொரித்த செத்தல் மிளகாய், பிறகு அந்தக் கறுப்பு மீன். அம்புல் தியல் என்கிறார்கள். அம்புல் என்றால் புளிப்பு.

முதல் வாயில் எனக்கும் மகள் சொன்னது சரியென்றுதான் பட்டது. குழம்பு இல்லை. தேங்காய்ப்பால் இல்லை. சதுரமாக வெட்டிய சூரைத் துண்டு, வெளியே கரி மாதிரி, உள்ளே காய்ந்த இறைச்சி மாதிரி. புளிப்பு முன்னால் வரவில்லை, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் வந்து நின்றது. எங்கள் பழப்புளி அப்படி இல்லை. அது வாயில் வைத்ததும் தெரியும், கொஞ்சம் இனிப்பும் இருக்கும். இது இனிப்பே இல்லாத புளி. இரண்டாவது துண்டைச் சோற்றோடு நன்றாகப் பிசைந்து, செத்தல் மிளகாயை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டபோதுதான் பிடிபட்டது. இதைக் குழம்பு மாதிரி ஊற்றித் தின்ன நினைப்பதுதான் பிழை. கருவாடு தின்னுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்ன வேண்டும்.

இவர் ஒரு துண்டோடு நிறுத்திவிட்டார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா சொதி எங்க?" என்றார். சொதி இல்லாமல் இவருக்குச் சோறு இறங்காது. அதையும் கேட்டு வாங்கினேன். வந்தது கறுவா வாசமும் ரம்பை வாசமும் அடிக்கிற பால்சொதி. எங்கள் வீட்டில் சொதிக்குக் கறுவா போட்டால் மாமி சட்டியை வெளியே வைத்துவிடுவார். இவர் மூன்று கரண்டி விட்டுச் சாப்பிட்டார், மாமியிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

சாப்பாட்டில் முதலிடம் மீனுக்கு இல்லை, பலாக்காய்க்கு. கறுப்புச் சிவப்பாக, பல்லுப் போடாமலே பிரிந்து வருகிறது. வன்னியில் நாங்கள் சமைக்கிற பலாக்காய் இதற்குப் பக்கத்தில் நிற்காது, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பருப்பு சுமார். தண்ணீராக இருந்தது, மாசி மட்டும் தாராளம்.

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். தேங்காய்ச் சம்பலுக்குள், பருப்புக்குள், சிலவேளை கீரைக்குள்ளும் மாசி இருக்கும். மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் இருக்கும், அவர்களுக்கு அது வாசத்துக்குப் போடுகிற சாமான். "உம்பலகட நெத்துவ" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். மாசி இல்லாமல் என்று அர்த்தம்.

நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு கடைக்கார அக்கா உள்ளே கூப்பிட்டார். இவருடைய சிங்களம் அரைகுறை, ஸ்பெயார் பார்ட்ஸ் வாங்குகிற அளவுக்குத்தான். மிச்சத்தைக் கையால் கதைத்தோம். புளிக்குக் கொறக்காய். காயவைத்த கறுப்புச் சுளைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிளகோடு அரைத்து, மீன் துண்டுகளில் பூசி, வாழையிலை விரித்த சட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, கொஞ்சத் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் வற்றவிடுகிறார்கள். கறுப்பு நிறம் கொறக்காயாலும் மிளகாலும் வருகிறது, கருகினதால் இல்லை. அந்தப் புளியும் உப்பும் சேர்ந்தால் குளிர்சாதனப்பெட்டி இல்லாமலே சில நாள் பழுதாகாதாம். மழை கூடிய அந்தப் பக்கத்தில் கொறக்காய் மரம் வளர்கிறது, எங்கள் காய்ந்த நிலத்தில் புளியமரம். மீனை வெயிலில் காயவைக்க எங்களுக்கு வெயில் இருக்கிறது. அவர்கள் புளியில் காயவைக்கிறார்கள்.

கடைசியில் எருமைத்தயிரும் கித்துள் பாணியும். தயிரில் நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. முல்லைத்தீவு முட்டித்தயிரைத் தின்றவர்களுக்கு இது புதிதில்லை. பாணி நல்லது, ஆனால் நான் பனங்கட்டிக்காரி.

இரண்டு சாப்பாடு, இரண்டு தயிர், இரண்டு பிளேன்டீ, எல்லாமாக அன்று 1,280 ரூபா வந்தது. மேலதிகச் சொதிக்குக் காசு எடுக்கவில்லை. ஒரு மணிக்கு முன்னால் போங்கள். நாங்கள் எழும்பும்போது பலாக்காய்ச் சட்டி காலி, பின்னால் வந்த இரண்டு பொடியன்களுக்கு முட்டைதான் கிடைத்தது.

நாலரைக்கு விடுதி வாசலில் மகளைக் கண்டோம். வீட்டிலிருந்து கொண்டுபோன கறித்தூளையும் பருத்தித்துறை வடையையும் வாங்கிக்கொண்டாள். மீனைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொன்னேன். "அம்மா, ஒரு நேரம் திண்டுபோட்டுக் கதைக்கிறியள்" என்றாள். அதுவும் நியாயம்தான்.

திரும்பும்போது சந்தையில் கால் கிலோ கொறக்காய் வாங்கினேன். அந்த அக்கா வாழையிலையில் சுற்றித் தந்த ஆறு துண்டு மீன் கிளிநொச்சிக்கு வந்து, மூன்றாம் நாள் குரக்கன் புட்டோடு முடிந்தது. பழுதாகவில்லை. பிறகு முல்லைத்தீவுச் சூரை வாங்கி நானே ஒரு சட்டி வைத்தேன். நெருப்புக் கூடி அடிப்பிடித்துவிட்டது. இவர் மேல் துண்டுகளை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு, கொறக்காய் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.