அமிலங்களுக்குப் பெயரிடல்: மனனமா, அன்னயனா, ஒட்சியேற்ற எண்ணா?

கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் திருகோணமலை நகரத்து ரியூசன் வகுப்புகளுக்கு வருகின்ற மாணவர் அமிலங்களின் பெயர்களை மூன்று வழிகளில் கற்கலாம். பட்டியலை மனனஞ் செய்வது முதலாவது. ஐதரோகுளோரிக்கமிலம், சல்பூரிக்கமிலம், நைத்திரிக்கமிலம் ஆகியவற்றோடு நிற்பவருக்கு அது போதும், உயர்தரப் பரீட்சைக்குப் போதாது.

இரண்டாவது வழி அன்னயனின், அதாவது அமிலத்திலுள்ள மறையேற்றமுள்ள அயனின், பெயரிலிருந்து தொடங்குகிறது. அப்பெயர் ‘ஏற்று’ என முடிந்தால் அமிலம் ‘இக்கு’ எனவும், ‘ஐற்று’ என முடிந்தால் ‘அசு’ எனவும் முடியும். ‘ஐட்டு’ என முடிந்தால் முன்னே ‘ஐதரோ’வும் பின்னே ‘இக்கு’வும் சேரும். ஆகவே நைத்திரேற்று நைத்திரிக்கமிலத்தையும், நைத்திரைற்று நைத்திரசமிலத்தையும் தரும். முன்னொட்டு மாறுவதில்லை: வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்கு இடப்படும் வெளிற்றும் தூளிலுள்ள உபகுளோரைற்று, நீரில் உபகுளோரசமிலத்தைத் தருகிறது. சல்பேற்றும் பொசுபேற்றும் சற்று நீண்டு சல்பூரிக்கமிலம், பொசுபோரிக்கமிலம் என்றாவதைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டும். ‘ஐதரோ’ப் பெயர் நீர்க்கரைசலுக்கே உரியது என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது; உலர்ந்த வாயு வெறும் ஐதரசன் குளோரைட்டுத்தான்.

மூன்றாவது வழி, மைய அணுவின் ஒட்சியேற்ற எண்ணை (சேர்வையில் அவ்வணு பெற்றிருப்பதாகக் கொள்ளப்படும் ஏற்றத்தை) கணித்துப் பெயரிடுவது. குளோரீனின் ஒட்சியமிலங்களில், அதாவது ஒட்சிசன் அடங்கிய அமிலங்களில், இது அழகாகப் பொருந்துகிறது: +1 உபகுளோரசமிலம், +3 குளோரசமிலம், +5 குளோரிக்கமிலம், +7 பரகுளோரிக்கமிலம். கெட்டித்தனமான மாணவரை இவ்வொழுங்கு எளிதில் கவர்ந்துவிடும். ஆனால் அதே +4, கந்தகத்தில் சல்பூரசமிலத்தையும் காபனில் காபோனிக்கமிலத்தையும் குறிக்கும்போது, எண் மட்டும் ஈற்றைத் தீர்மானிப்பதில்லை என்பது வெளிப்படுகிறது. ஒவ்வொரு மூலகத்துக்கும் ‘இக்கு’ எந்த எண்ணில் விழுகிறது என்பதை எப்படியும் மனனஞ் செய்தே ஆகவேண்டும்.

என் தெரிவு அன்னயன் வழியே. உப்புகளைப் படிக்கும்போதே அன்னயன்களின் பெயர்கள் பழகிவிடுவதால் அதற்கெனத் தனி உழைப்பு வேண்டியதில்லை. ஒட்சியேற்ற எண்ணைக் குளோரீன் குடும்பத்தை வரிசைப்படுத்தவும் விடையைச் சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். இவ்வழியின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. சல்பைட்டுக்கும் சல்பைற்றுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. முன்னதில் ஒட்சிசன் இல்லை, பின்னதில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் உண்டு. ஆகையால் முதல் வாரத்தில் பெயர்களை மட்டுமன்றி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அயனின் சூத்திரத்தையும் மின்னேற்றத்தையும் சேர்த்தெழுதிப் பழகுவது நல்லது.